ஸ்போர்ட்ஸ் காரின் உச்ச வேகமும் கியர் விகிதமும்: ஓர் எளிய விளக்கம்

ஆறு கியர்கள் கொண்ட ஒரு ஸ்போர்ட்ஸ் கார் தன் உச்ச வேகத்தை ஆறாவது கியரில்தான் எட்டும் என்று பெரும்பாலோர் எண்ணுகிறார்கள். கியர் ஏற ஏற வேகமும் ஏறுவதை வண்டி ஓட்டுபவர் அனைவரும் அன்றாடம் காண்கிறோம். ஆகவே கடைசிக் கியரில்தான் அதிகபட்ச வேகம் இருக்க வேண்டும் என்ற முடிவு இயல்பாகவே வந்துவிடுகிறது. உண்மையில், பல ஸ்போர்ட்ஸ் கார்கள் தம் உச்ச வேகத்தை ஐந்தாவது கியரிலேயே எட்டிவிடுகின்றன. அந்த வேகத்தில் ஆறாவதுக்கு மாற்றினால் வண்டியின் வேகம் குறையத் தொடங்கும். இது ஏன் என்று புரிந்துகொண்டால், கியர் விகிதத்தால் எது இயலும், எது இயலாது என்பதும் விளங்கிவிடும். அதற்குத் தேவைப்படும் கணக்கு பெரும்பாலும் பெருக்கலும் வகுத்தலும்தான்.

பற்களிலிருந்து சாலை வரை

பற்கள் ஒன்றோடொன்று பொருந்திச் சுழலும் இரண்டு பற்சக்கரங்களை எடுத்துக்கொள்வோம். இயக்கும் சக்கரத்தில் 20 பற்களும் இயக்கப்படும் சக்கரத்தில் 40 பற்களும் இருந்தால், முதலாவது இரண்டு முறை சுற்றும்போது இரண்டாவது ஒரே ஒரு முறைதான் சுற்றும். 40ஐ 20ஆல் வகுத்தால் கிடைக்கும் 2 என்பதுதான் இந்த இணையின் கியர் விகிதம். இங்கே சுழற்சி வேகம் பாதியாகிறது. அதற்கு ஈடாக, வாகன உலகில் டார்க் என்று வழங்கப்படும் முறுக்குவிசை இரு மடங்காகிறது. சுழற்சி வேகத்தையும் முறுக்குவிசையையும் பெருக்கினால் வருவது திறன். உராய்வில் வீணாகும் சிறு பங்கை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், பற்சக்கர இணைக்குள் நுழையும் திறனும் அதிலிருந்து வெளிவரும் திறனும் ஒன்றேதான். பற்சக்கரம் எதையும் புதிதாக உண்டாக்குவதில்லை. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கித் தருகிறது, அல்லது விசையைக் கொடுத்து வேகத்தை வாங்கித் தருகிறது. இதை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உச்ச வேகத்தைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பகுதி, கியரே வேகத்தை உண்டாக்குகிறது என்ற எண்ணத்திலிருந்துதான் பிறக்கிறது.

காரில் இந்த மாற்றம் இரண்டு இடங்களில் நடக்கிறது. இன்ஜினின் கிராங்க் தண்டிலிருந்து கிளட்ச் வழியாக வரும் சுழற்சி முதலில் கியர்பாக்ஸுக்குள் நுழைகிறது. ஓட்டுநர் எந்தக் கியரைப் போட்டிருக்கிறாரோ அதற்குரிய விகிதம் அங்கே செயல்படுகிறது. அடுத்து, இடது வலது சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலோடு சேர்ந்த பற்சக்கர இணை அதை மறுபடியும் குறைக்கிறது. எல்லாக் கியர்களுக்கும் பொதுவான இந்த இரண்டாவது எண்ணை இறுதி விகிதம் என்போம். இரண்டையும் பெருக்கினால் கிடைக்கும் மொத்த விகிதம், இன்ஜின் எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும் என்பதைச் சொல்கிறது. சக்கரம் ஒரு முறை சுற்றினால் வண்டி டயரின் சுற்றளவுக்குச் சமமான தூரம் நகர்கிறது. ஆக, இன்ஜினின் நிமிடச் சுழற்சியை, அதாவது ஆர்பிஎம்மை, மொத்த விகிதத்தால் வகுத்து டயரின் சுற்றளவால் பெருக்கினால், வண்டி ஒரு நிமிடத்தில் செல்லும் தூரம் வந்துவிடும். அதை 60ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க, 2006 மாடலாக அமெரிக்காவில் வெளிவந்த செவ்ரோலே கார்வெட் இசட்06 மிகப் பொருத்தமானது. அதன் ஆறு கியர்களின் விகிதங்கள் முறையே 2.66, 1.78, 1.30, 1.00, 0.74, 0.50, இறுதி விகிதம் 3.42. பின்சக்கர டயரின் அளவு 325/30 ஆர்19. இதில் 325 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 30 என்பது பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. 19 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ரிம்மின் விட்டமான 482.6 மில்லிமீட்டரோடு, மேலும் கீழும் தலா 97.5 மில்லிமீட்டர் பக்கச் சுவரைக் கூட்டினால் டயரின் முழு விட்டம் 677.6 மில்லிமீட்டர். சுற்றளவு ஏறத்தாழ 2.13 மீட்டர். வண்டியின் பாரத்தால் டயர் சற்று அமுங்கும், அதிவேகத்தில் சற்று விரியும் என்பதால் உண்மையில் உருளும் தூரம் இதிலிருந்து சிறிதளவு வேறுபடும். நம் கணக்குக்கு இந்த அளவு துல்லியமே போதும்.

இந்த இன்ஜினின் சுழற்சி வரம்பு 7000 ஆர்பிஎம். முதல் கியரின் மொத்த விகிதம் 2.66 பெருக்கல் 3.42, அதாவது ஏறத்தாழ 9.1. 7000ஐ 9.1ஆல் வகுத்தால் சக்கரம் நிமிடத்துக்கு 769 முறை சுற்றுகிறது என்று தெரிகிறது, அதை 2.13 மீட்டரால் பெருக்கினால் 1638 மீட்டர். ஆகவே முதல் கியரின் எல்லை மணிக்கு 98 கிலோமீட்டர். இதே வழியில் கணக்கிட்டால், இரண்டாவது கியரின் எல்லை 147 கிலோமீட்டர், மூன்றாவது 201, நான்காவது 261, ஐந்தாவது 353 என்று வரும். ஆறாவது கியரின் எல்லை மணிக்கு 523 கிலோமீட்டர்.

கணக்கில் எந்தப் பிழையும் இல்லை. ஆயினும் அந்தக் கார் அந்த வேகத்தை ஒருபோதும் எட்டாது. 2019இல் ஜெர்மனியின் ஏரா-லெஸ்ஸியன் சோதனைத் தடத்தில் ஆண்டி வாலஸ் ஓட்டிய புகாட்டி சிரோன், 1600 குதிரைத்திறன் கொண்ட இன்ஜினோடு மணிக்கு 490.48 கிலோமீட்டரைத்தான் தொட்டது. கார்வெட் இசட்06இன் திறன் 505 குதிரைத்திறன். அதன் உச்ச வேகமாகத் தயாரிப்பாளர் அறிவித்தது மணிக்கு 198 மைல், அதாவது ஏறத்தாழ 319 கிலோமீட்டர். பற்சக்கரக் கணக்கு சொல்லும் 523க்கும் சாலையில் கிடைக்கும் 319க்கும் இடையிலுள்ள இந்தப் பெரிய இடைவெளியில்தான் நம் கேள்விக்கான விடை இருக்கிறது.

காற்றின் கணக்கு

ஓடும் காரை இரண்டு தடைகள் பின்னோக்கி இழுக்கின்றன. ஒன்று, டயர்கள் உருளும்போது ஏற்படும் தடை. இது வேகத்தோடு மெதுவாகவே கூடுகிறது. மற்றொன்று காற்று. காற்றின் எதிர்ப்பு விசை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது: வேகம் இரு மடங்கானால் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த எதிர்ப்பை வென்று முன்னேறத் தேவையான திறன், விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது என்பதால், அது வேகத்தின் கனத்துக்கு (மூன்றாம் அடுக்குக்கு) ஏற்பக் கூடுகிறது. அதாவது, வேகத்தை இரு மடங்காக்க எட்டு மடங்கு திறன் தேவை. வேகத்தை வெறும் பத்து விழுக்காடு கூட்ட வேண்டுமானாலும் மூன்றில் ஒரு பங்கு திறனைக் கூடுதலாகத் தர வேண்டும். மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டிய பிறகு உருளும் தடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே காற்றோடுதான் முழுப் போராட்டமும்.

இந்த விதி வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதை மெய்ப்பிக்க புகாட்டி வேரோன் நல்ல சான்று. 1001 குதிரைத்திறன் கொண்ட முதல் வேரோனின் உச்ச வேகம் மணிக்கு 407 கிலோமீட்டர். 2010இல் வந்த வேரோன் சூப்பர் ஸ்போர்ட்டின் திறன் 1200. அதன் சாதனை வேகம் 431 கிலோமீட்டர். திறன் 20 விழுக்காடு கூடியிருக்கிறது; வேகமோ 6 விழுக்காடுதான் கூடியிருக்கிறது. 1.06ஐ மூன்று முறை தன்னோடு தானே பெருக்கினால் 1.19 வருகிறது. இரண்டு கார்களின் உடலமைப்பிலும் சில மாற்றங்கள் உண்டு என்றாலும், கன விதி எவ்வளவு நெருக்கமாகப் பொருந்துகிறது என்பதைக் காணும்போது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

ஒவ்வொரு காரும் தன் இன்ஜினின் முழுத் திறனையும் செலவழித்து வெல்லக்கூடிய ஒரு வேகம் இருக்கிறது. அதற்கு மேல் காற்று கேட்கும் திறன் அந்த இன்ஜினிடம் இல்லை. காரின் வடிவமும் முகப்பின் பரப்பும் திறனும் சேர்ந்து நிர்ணயிக்கும் இந்த எல்லையை எந்தக் கியர் விகிதத்தாலும் தாண்ட முடியாது. எல்லை வரை போய்ச் சேர முடியுமா என்பதைத்தான் கியர் விகிதம் நிர்ணயிக்கிறது. இந்தக் கட்டுரையில் சொல்ல வந்த செய்தியே இதுதான். இனி வருபவை இதன் விளைவுகள்.

ஐந்தாவது கியரில் நடப்பது

இன்ஜின் தன் முழுத் திறனையும் எல்லாச் சுழற்சியிலும் தருவதில்லை. கார்வெட் இசட்06இன் 505 குதிரைத்திறன் கிடைப்பது 6300 ஆர்பிஎம்மில் மட்டுமே. அதற்குக் கீழேயும் மேலேயும் திறன் குறைகிறது. அந்தக் கார் தன் உச்ச வேகமான 319 கிலோமீட்டரில் செல்லும்போது சக்கரம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2494 முறை சுற்றுகிறது. ஐந்தாவது கியரின் மொத்த விகிதம் 0.74 பெருக்கல் 3.42, அதாவது 2.53. இரண்டையும் பெருக்கினால் இன்ஜினின் சுழற்சி ஏறத்தாழ 6310 என்று வருகிறது. முழுத் திறன் கிடைக்கும் 6300க்கு மிக அருகில் வந்து நிற்கும் இந்த எண் தற்செயலானதன்று. காற்றின் எதிர்ப்பு காரைத் தடுத்து நிறுத்தும் அதே வேகத்தில் இன்ஜின் தன் உச்சத் திறனில் சுழலும்படி ஐந்தாவது கியரைப் பொறியாளர்கள் அமைத்திருக்கிறார்கள்.

இப்போது அதே வேகத்தில் ஆறாவது கியரைப் போட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். மொத்த விகிதம் 1.71 ஆகிவிடுகிறது, சக்கரத்தின் சுழற்சி மாறாமல் இருக்க, இன்ஜினின் சுழற்சி ஏறத்தாழ 4265க்கு இறங்கிவிடுகிறது. இந்த இன்ஜினின் அதிகபட்ச முறுக்குவிசை 637 நியூட்டன் மீட்டர்; அது கிடைப்பது 4800 ஆர்பிஎம்மில். 4265லும் அந்த அதிகபட்ச முறுக்குவிசை அப்படியே கிடைக்கிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், திறன் 381 குதிரைத்திறனைத் தாண்டாது. காற்று கேட்பதோ ஏறத்தாழ 505. இந்தப் பற்றாக்குறையால் கார் வேகம் இழக்கத் தொடங்கும். இருக்கும் திறனும் கேட்கப்படும் திறனும் சமமாகும் வரை வேகம் இறங்கிக்கொண்டே போகும். அதே தாராளக் கணக்கின்படி அந்தச் சமநிலை மணிக்கு 277 கிலோமீட்டருக்கு அருகில் அமையும். உண்மையில் அதற்கும் கீழேதான் அமையும். 523 கிலோமீட்டர் என்று ஏட்டில் எல்லை கொண்ட ஆறாவது கியர், 353 என்று எல்லை கொண்ட ஐந்தாவதைவிட மெதுவான கியர் என்பது இப்படித்தான் விளங்குகிறது. எதிர்க்காற்றில் கியர் சைக்கிள் மிதிப்பவர் மிகக் கடினமான கியரில் பெடலைத் தள்ள முடியாமல் திணறி, ஒரு கியர் குறைத்ததும் விரைவாக மிதித்து வேகம் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

ஐந்தாவது கியரிலேயே 319ஐத் தாண்டி 330க்குப் போக முடியாதா என்று கேட்கலாம். சுழற்சி வரம்பு அதற்கு இடம் தருகிறது. 7000 ஆர்பிஎம்மில் 353 கிலோமீட்டர் வரை பற்சக்கரங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் 330 கிலோமீட்டரில் காற்று கேட்கும் திறன், கன விதிப்படி, ஏறத்தாழ 560 குதிரைத்திறன். இன்ஜினோ 6300ஐத் தாண்டியதால் 505க்கும் குறைவாகவே தருகிறது. ஆகவே வண்டியின் வேகம் 319க்கு மேல் ஏறுவதில்லை.

அப்படியானால் ஆறாவது கியர் எதற்காக? நெடுஞ்சாலைப் பயணத்துக்காக. மணிக்கு 100 கிலோமீட்டரில் ஆறாவது கியரில் செல்லும்போது அந்த ஏழு லிட்டர் இன்ஜின் ஏறத்தாழ 1340 ஆர்பிஎம்மில் அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கும். எரிபொருளும் மிச்சம், இரைச்சலும் குறைவு, தேய்மானமும் குறைவு. இன்ஜினைவிட வேகமாக வெளித்தண்டைச் சுழற்றும், அதாவது விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கும், இத்தகைய கியரை ஓவர்டிரைவ் என்பார்கள். ஆனால் ஒன்றுக்குக் கீழே இருக்கிறது என்பதாலேயே ஒரு கியர் உச்ச வேகத்துக்கு உதவாது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கார்வெட்டின் ஐந்தாவதும் 0.74தானே.

இங்கே மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 2.0 லிட்டர் கார் ஓர் அழகான ஒப்பீடு. 184 குதிரைத்திறன் கொண்ட அந்தச் சிறிய காரின் ஆறாவது கியர் விகிதம் சரியாக 1.00, ஐந்தாவது 1.286, இறுதி விகிதம் 2.866. கார்வெட்டில் 1.00 என்பது நான்காவது கியர். மாஸ்டாவில் அதுவே கடைசிக் கியர். விகிதங்களை மட்டும் வரிசையாக வைத்து இரண்டு கார்களை ஒப்பிடுபவர் இங்கே ஏமாந்துபோவார். இறுதி விகிதத்தையும் டயரையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 205/45 ஆர்17 டயரோடு கணக்கிட்டால், மாஸ்டாவின் ஆறாவது கியர் 7500 ஆர்பிஎம் வரம்பில் மணிக்கு 304 கிலோமீட்டரைக் காட்டுகிறது; அறிவிக்கப்பட்ட உச்ச வேகமோ 219. அந்த 219இல் ஐந்தாவது கியரில் இன்ஜினின் சுழற்சி எவ்வளவு என்று பார்த்தால் ஏறத்தாழ 6950. அந்த இன்ஜின் தன் முழுத் திறனைத் தருவது 7000 ஆர்பிஎம்மில். திறனில் ஒன்றுக்கு ஏறத்தாழ மூன்று என்ற வேறுபாடு கொண்ட இரண்டு கார்களிலும் ஒரே ஏற்பாடு: உச்ச வேகம் ஐந்தாவதில், நிதானப் பயணம் ஆறாவதில்.

விகிதத்தை மாற்றினால்

எண் பெரிதாக இருக்கும் விகிதத்தைக் குட்டையான கியர் என்றும், சிறிதாக இருப்பதை நெட்டையான கியர் என்றும் வாகன ஆர்வலர்கள் சொல்வது வழக்கம். கார்வெட்டின் இறுதி விகிதத்தை 3.42இலிருந்து 3.90ஆகக் குட்டையாக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கியரிலும் சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை 14 விழுக்காடு கூடும். டயர் வழுக்காத வரையில், கார் முன்னைவிடத் துடிப்பாகப் பாயும். ஆனால் ஐந்தாவது கியரின் எல்லை 353இலிருந்து 310க்கு இறங்கிவிடும். காற்று அனுமதிக்கும் 319ஐ எட்டும் முன்பே, 310இல் இன்ஜின் தன் 7000 வரம்பைத் தொட்டுவிடும். ஆறாவதுக்கு மாற்றினால் சுழற்சி 4730க்கு இறங்கும். அங்கே கிடைக்கும் திறன் 310ஐத் தக்கவைக்கப் போதாது. திறன் இருந்தும் அதைச் செலவழிக்க வழியில்லாமல், பற்சக்கரமே உச்ச வேகத்தை நிர்ணயிக்கும் நிலை இது.

எதிர்த்திசையில், இறுதி விகிதத்தை 2.73ஆக நெட்டையாக்கினால் 319 கிலோமீட்டரில் ஐந்தாவது கியரில் இன்ஜின் ஏறத்தாழ 5040 ஆர்பிஎம்மில் சுழலும். போதுமான திறன் கிடைக்காது. நான்காவதுக்கு இறங்கினால் சுழற்சி 6810. உச்சத்தைச் சற்றுத் தாண்டியிருந்தாலும் ஐந்தாவதைவிட இதுவே மேல். அதாவது அந்தக் கார் தன் உச்ச வேகத்தை நான்காவது கியரில் எட்டும். அந்த வேகமும் முன்பு கிடைத்ததைவிடக் கூடுதலாக இராது. நெட்டையான கியரைப் போட்டால் கார் இன்னும் வேகமாகப் போகும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. கார் ஏற்கெனவே சுழற்சி வரம்பில் முட்டிக்கொண்டிருந்தால் மட்டுமே அந்த நம்பிக்கை பலிக்கும். காற்றில் முட்டிக்கொண்டிருந்தால் பலிக்காது. பெரிய விட்டம் கொண்ட டயரைப் பூட்டுவதும் இதே கணக்கில்தான் வரும். அது எல்லாக் கியர்களையும் ஒரே சீராக நெட்டையாக்குகிறது, கூடவே வேகமானியையும் குறைத்துக் காட்டவைக்கிறது.

சுழற்சி வரம்பில் முட்டிக்கொண்டிருந்த காருக்கு வரலாற்றில் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்டு. 1998 மார்ச்சில் மெக்லாரன் எஃப்1 காரை அதே ஏரா-லெஸ்ஸியன் தடத்துக்குக் கொண்டுசென்றபோது, 7500 ஆர்பிஎம்மில் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் ஏற்பாட்டை 8300க்கு உயர்த்தினார்கள். ஆண்டி வாலஸ் இரு திசைகளிலும் ஓட்டிய ஓட்டங்களின் சராசரி மணிக்கு 386.4 கிலோமீட்டர். வண்டியிடம் திறன் மிச்சம் இருந்தது. பற்சக்கரங்களும் சுழற்சி வரம்பும் சேர்ந்துதான் அதைக் கட்டிவைத்திருந்தன. வரம்பைத் தளர்த்தியதும் அந்த மிச்சத் திறன் வேகமாக வெளிப்பட்டது. இங்கே இரு திசைகளிலும் ஓட்டிச் சராசரி எடுப்பதன் காரணமும் நம் கணக்கோடு தொடர்புடையதே: பின்னிருந்து வீசும் காற்று எதிர்ப்பைக் குறைத்து, சாலைக்குச் சார்பான வேகத்தை உயர்த்திவிடும். சிரோனின் 490.48 ஒரே திசையில் எட்டப்பட்டது என்பதால், அதை இத்தகைய சராசரிகளோடு நேராக ஒப்பிட முடியாது. சிரோன் சூப்பர் ஸ்போர்ட்டிலும், திறனைக் கூட்டியபோது ஏழாவது கியரை 3.6 விழுக்காடு நெட்டையாக்கினார்கள். கூட்டிய திறனைப் பற்சக்கரம் வீணாக்கிவிடக் கூடாதல்லவா?

பந்தயக் கார்களில் இந்தத் தேர்வு இன்னும் நுணுக்கமாக நடந்தது. 2013 வரை ஃபார்முலா 1 அணிகள், பருவத் தொடக்கத்தில் பதிவு செய்த 30 பற்சக்கர இணைகளிலிருந்து ஒவ்வொரு தடத்துக்கும் ஏழு விகிதங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள முடிந்தது. வளைவுகள் நிறைந்த மொனாக்கோவுக்குக் குட்டையான கியர்கள். நீண்ட நேர்ப்பாதைகள் கொண்ட மொன்ஸாவுக்கு நெட்டையானவை. நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதிக்கும் அந்தக் கணத்தில் கடைசிக் கியரில் இன்ஜின் தன் வரம்பை ஒட்டிச் சுழல வேண்டும் என்பதே குறிக்கோள். அதற்கு முன்னரே வரம்பைத் தொட்டால் வேகம் வீணாகிறது, தொடாமலே நேர்ப்பாதை முடிந்தால் முடுக்கம் வீணாகிறது. 2014இல் எட்டுக் கியர்களும், பருவம் முழுவதற்கும் ஒரே விகிதங்களும் என்று விதி மாறியது. முதல் ஆண்டில் மட்டும் ஒரு முறை மாற்றிக்கொள்ளச் சலுகை தந்தார்கள். அதன் பிறகு, எல்லாத் தடங்களுக்கும் ஓரளவு பொருந்தும் ஒரு சமரசமே எட்டாவது கியர் ஆனது.

கடைசிக் கியர்களைப் பற்றியே இவ்வளவு பேசினாலும், முதல் கியரும் தன் பங்கைச் செய்யாமல் உச்ச வேகம் வராது. கார்வெட்டின் முதல் கியரில் 637 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை 9.1 மடங்காகிச் சக்கரத்தை அடையும்போது, இழப்புகளைக் கழிக்காமல் பார்த்தால், டயர் சாலையைத் தள்ளும் விசை 17,000 நியூட்டனைத் தாண்டுகிறது. ஏறத்தாழ 1420 கிலோ எடையுள்ள அந்தக் காரைப் புவி ஈர்க்கும் விசையே 14,000 நியூட்டன்தான். இவ்வளவையும் பின்சக்கரங்கள் இரண்டும் சாலைக்குக் கடத்த முடியாது, டயர்கள் வழுக்கும். ஆகவே முதல் கியரைக் குட்டையாக்குவதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கும் உச்ச வேகக் கியருக்கும் இடையில் மற்றக் கியர்களை நிரவுவது தனிக் கலை. கார்வெட்டில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது 7000 ஆர்பிஎம் 4680 ஆகிறது. மூன்றாவதிலிருந்து நான்காவதுக்கு மாற்றும்போது 5380 ஆகிறது. காற்றின் எதிர்ப்பு வலுக்கும் மேல் வேகங்களில் கியர் மாற்றத்தின்போது இன்ஜின் தன் வலுவான பகுதியிலிருந்து அதிகம் விலகாமல் இருக்க, இடைவெளிகளை இப்படிச் சுருக்குகிறார்கள்.

பற்சக்கரத்துக்கு வெளியே

திறனும் காற்றும் பற்சக்கரமும் இடம் கொடுத்தாலும் சில கார்களின் வேகத்துக்குத் தயாரிப்பாளர்களே வரம்பு கட்டிவிடுகிறார்கள். வேரோன் சூப்பர் ஸ்போர்ட்டை வாங்கியவர்களுக்கு அது 415 கிலோமீட்டர் வரம்போடுதான் தரப்பட்டது; காரணம் டயர்களின் பாதுகாப்பு. ஜெர்மானியத் தயாரிப்பாளர்கள் பலர் தம் வேகமான கார்களை மணிக்கு 250 கிலோமீட்டரில் மின்னணு முறையில் கட்டுப்படுத்துவது நெடுநாள் வழக்கம். அத்தகைய காரின் உச்ச வேகத்தைக் கியர் விகிதத்தில் தேடிப் பயனில்லை.

மின்சார ஸ்போர்ட்ஸ் கார்களில் இந்தக் கதை மிக எளிதாகிறது. மின்மோட்டார் நின்ற நிலையிலிருந்தே வலுவான முறுக்குவிசையைத் தருவதால், பல கார்களுக்கு ஒரே ஒரு விகிதம் போதும். 2008இல் வந்த முதல் டெஸ்லா ரோட்ஸ்டருக்கு இரண்டு கியர்கள் தர வேண்டும் என்பதே தொடக்கத் திட்டம். தாக்குப்பிடிக்கும் கியர்பாக்ஸ் அமையாமல், ஏறத்தாழ 8.28 என்ற ஒற்றை விகிதத்துக்கு வந்தார்கள். அதன் மோட்டாரின் சுழற்சி வரம்பு 14,000 ஆர்பிஎம். பின்சக்கர டயர் 225/45 ஆர்17, சுற்றளவு 1.99 மீட்டர். கணக்குப் போட்டால் மணிக்கு 202 கிலோமீட்டர் வருகிறது. அறிவிக்கப்பட்ட உச்ச வேகம் 201. கார்வெட்டில் காற்று செய்த வேலையை இங்கே பற்சக்கரமே செய்துவிட்டது. 2019இல் வந்த போர்ஷே டைகானில் பின்சக்கர மோட்டாருக்கு இரண்டு கியர்கள் கொடுத்தார்கள்: முதலாவது, ஏறத்தாழ 15 என்ற மிகக் குட்டையான விகிதத்தோடு, நின்ற இடத்திலிருந்து பாய்வதற்கு, இரண்டாவது, ஏறத்தாழ 8 என்ற விகிதத்தோடு, 16,000 ஆர்பிஎம் வரை சுழலும் அந்த மோட்டார் மணிக்கு 260 கிலோமீட்டர் வரை காரைக் கொண்டுசெல்வதற்கு.